விமானத்தில் நடந்த தகராறு: பழியை அப்பா மேல் போடலாமா?

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் முப்பத்து நான்கு வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். தனியார் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் வேலை. புனே, டெல்லி என்று அடிக்கடி விமானத்தில் போய்வர வேண்டிய பொறுப்பு. ஊரில் தனியாக இருக்கும் அறுபத்தேழு வயது அப்பாவைக் கண்புரை அறுவை சிகிச்சைக்காகப் பெங்களூருக்கு அழைத்து வந்திருக்கிறார். அப்பாவுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். மதுரையில் ஏறியதிலிருந்து எல்லாம் நன்றாகவே போயிருக்கிறது. தேவனஹள்ளியில் தரையிறங்கிய விமானம் ஓடுபாதையிலிருந்து திரும்பி ஊர்ந்துகொண்டிருந்தபோது, ஊர் வந்துவிட்டது என்று நினைத்த அப்பா பெல்ட்டைக் கழற்றி எழுந்து, மேலே இருந்த பெட்டியைத் திறந்து தன் மஞ்சள் பையை இழுத்திருக்கிறார். முன்பக்கம் அமர்ந்திருந்த பணிப்பெண் ஆங்கிலத்திலும் இந்தியிலும் உட்காரச் சொல்லிக் குரல் கொடுத்திருக்கிறார். அப்பாவுக்குப் புரியவில்லை. சிரித்தபடியே பையை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பெண் எழுந்து வந்து அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தபோது பை சரிந்து, பேத்திக்காகக் கொண்டுவந்த சீடை டப்பா திறந்து நடைபாதை முழுவதும் உருண்டோடியிருக்கிறது. சுற்றியிருந்தவர்களில் சிலர் சிரித்திருக்கிறார்கள்.

அந்தச் சிரிப்பைத் தன்னால் தாங்க முடியவில்லை என்று எழுதுகிறார் வாசகர். எழுந்து நின்று, விரலை நீட்டி, அந்தப் பணிப்பெண்ணை ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருக்கிறார். அப்பாவின் தோளில் இருந்த அவர் கையைத் தட்டிவிட்டிருக்கிறார். அந்தப் பெண் நிலைதடுமாறி எதிர் இருக்கையின் கைப்பிடியில் மோதிக்கொண்டார். இன்னொரு பணியாளர் வந்து உட்காரச் சொல்லியும் கேட்கவில்லை. விமானம் நிற்கும்வரை நின்றபடியே செல்பேசியில் வீடியோ எடுத்திருக்கிறார். கதவு திறந்ததும் விமான நிலையப் பாதுகாப்பைக் கவனிக்கும் சி.ஐ.எஸ்.எஃப். வீரர்கள் வந்து விமான நிலையக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்கள். வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிட்டது. காவல் நிலையத்தில் கன்னடத்தில் எழுதப்பட்ட ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள்; அழைக்கும்போது ஆஜராக வேண்டும் என்று ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். விமான நிறுவனத்துக்குத் தன் கைப்பட ஆங்கிலத்தில் ஒரு மன்னிப்புக் கடிதமும் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான்காம் நாள் மின்னஞ்சல் வந்தது: 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி முப்பது நாள் பயணத் தடை, புகாரை உள்விசாரணைக் குழு விசாரிக்கும்.

இனி அவருடைய கேள்விகள். விமானம் தரையில்தானே இருந்தது, இந்தச் சட்டமெல்லாம் பொருந்துமா? மன்னிப்புக் கடிதம் கொடுத்த பிறகும் வழக்கு உண்டா? எல்லா விமானங்களிலும் தடையா? பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் ஆபத்தா? அப்பாவைத் தொட்டதற்காக எதிர்ப் புகார் கொடுத்து, வீடியோவைச் சமூக ஊடகத்தில் போடலாமா? கடைசியாக ஒன்று. அவருடைய மைத்துனர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்: "மாமா இனிமேல் விமானம் ஏறப் போவதில்லை. அவர்தான் கையைத் தட்டிவிட்டார் என்று எழுதிக் கொடுத்துவிடலாம்." அப்பாவும், "என் பேரையே போட்டுக்கொள், உன் வேலை போகக் கூடாது" என்று சொல்லிவிட்டாராம்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யாதீர்கள்.

இன்றைய நிலையில் உங்கள் அப்பா மீது எந்தப் புகாரும் இல்லை. மின்னஞ்சல் உங்கள் பெயருக்குத்தான் வந்திருக்கிறது, நோட்டீஸும் உங்களுக்குத்தான். விமானத்திலிருந்த எவரும் அந்தப் பெரியவரைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. அவர் காவல் நிலையத்துக்குப் போய் 'நான்தான் தட்டிவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தால், அந்த நிமிடம்தான் அவர் முதன்முதலாக ஒரு குற்றம் செய்தவர் ஆவார். அரசு ஊழியருக்குத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 217ஆவது பிரிவின்படி தண்டனைக்குரியது. பொய்யும் ஒரு வாரம்கூட நிற்காது. அந்தப் பணிப்பெண் யார் தட்டிவிட்டார் என்று பார்த்தவர். இன்னொரு பணியாளர் சாட்சி. பக்கத்து இருக்கைக்காரர்கள் சாட்சி. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் கையெழுத்திலேயே உங்கள் மன்னிப்புக் கடிதம் இருக்கிறது. பொய் வெளிப்பட்டால் ஒரு கோபக்காரப் பயணியாக இருக்கும் நீங்கள், பெற்றவரை முன்னே தள்ளி ஒளிந்துகொண்டவராக அந்தக் குழுவின் முன்னும் நீதிமன்றத்தின் முன்னும் நிற்பீர்கள். உங்களுக்காக வாதாட வருபவருக்கும் அதன் பிறகு சொல்ல ஒன்றும் இருக்காது.

அப்பா முன்வந்ததைப் பெருந்தன்மை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்த எனக்கு வேறொன்று தோன்றுகிறது. தன்னால்தான் இவ்வளவும் வந்தது என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையை நீங்கள் இன்னும் திருத்தவில்லை.

அப்பா செய்ததும் நீங்கள் செய்ததும்

இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போகிற எவரும், நிறுத்தம் வருவதற்கு முன்பே எழுந்து படிக்கட்டுப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் அவர் பயணம் செய்திருக்கிறார். விமானத்தில் அது கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அறிவிப்பு அவருக்குப் புரியாத மொழிகளில் வந்தது. உட்காரவைத்ததும் உட்கார்ந்துவிட்டார். சொன்னது புரிந்தும் மறுப்பவரைத்தான் விதிகள் குறிவைக்கின்றன. விமான விதிகள் 1937இன் 22, 23ஆம் விதிகள், பணியாளரைத் தாக்குவது, மிரட்டுவது, பாதுகாப்புக்காக அவர்கள் சொல்வதைக் கேட்க மறுப்பது ஆகியவற்றைப் பற்றியவை. 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி முதல் பாரதிய வாயுயான் அதினியம் என்ற புதிய சட்டம் வந்துவிட்டாலும் இந்த விதிகள் தொடர்கின்றன. இந்தப் பட்டியலில் அப்பா எங்கே வருகிறார்? எங்கும் இல்லை. நீங்கள்? மூன்றிலும் வருகிறீர்கள்.

அறியாமை எப்போதும் காப்பாற்றிவிடும் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 மே மாதம் அகமதாபாத்திலிருந்து பெங்களூரு வந்த விமானத்தில், ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் கழிவறையில் பீடி பற்றவைத்தார். முதல் முறை விமானம் ஏறியவர். ரயிலில் அப்படித்தான் பிடிப்பேன் என்று சொன்னார். உங்களைக் கொண்டுபோன அதே விமான நிலையப் போலீசார் அவரைக் கைது செய்தார்கள். 2022 டிசம்பரில் சென்னையிலிருந்து திருச்சிக்குப் புறப்படவிருந்த விமானத்தில் ஒரு பயணி அவசரக் கதவைத் திறந்துவிட்டார். அவர் வருத்தம் தெரிவித்தார் என்றாலும், பாதுகாப்புச் சோதனைகள் முடிந்த பிறகே விமானம் கிளம்ப முடிந்தது. நெருப்பும் கதவும் தொடர்பான செயல்களில் 'எனக்குத் தெரியாது' என்ற வாதம் தண்டனையைக் குறைக்க உதவலாம், வழக்கைத் தடுக்காது. உங்கள் அப்பாவின் செயல் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பணிப்பெண் உங்கள் அப்பாவை அவமானப்படுத்தினார் என்று நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். விமானம் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பணியாளர்களும் தங்கள் இருக்கையில் பெல்ட் போட்டு அமர்ந்திருக்க வேண்டும். பாதுகாப்புக் காரணம் இருந்தால் மட்டுமே எழலாம். விமானி திடீரென்று பிரேக் பிடித்தால் நிற்பவர் தூக்கி எறியப்படுவார். திறந்திருக்கும் பெட்டியிலிருந்து சாமான் கீழே இருப்பவர் தலையில் விழும். அந்தப் பெண் தன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அந்த ஆபத்துக்குள் தானே நடந்து வந்து, கண் சரியாகத் தெரியாத ஒரு முதியவரை உட்காரவைத்தார். சிரித்தவர்கள் வேறு சிலர். உங்கள் கோபம் போய்ச் சேர்ந்த இடம் தவறு.

தரையில் இருந்தாலும் அது பறக்கும் விமானம்தான்

விமானம் தரையில்தானே இருந்தது என்பதுதான் கடிதத்தில் நீங்கள் நம்பிக்கையோடு சொல்லும் வாதம். ஆனால் சட்டம் வேறு மாதிரிக் கணக்கிடுகிறது. 1963ஆம் ஆண்டு டோக்கியோ உடன்படிக்கையும், அதை ஏற்று இந்தியா 1975இல் இயற்றிய சட்டமும் விமானியின் அதிகாரத்தைக் கதவுகளை வைத்து வரையறுக்கின்றன. பயணிகள் ஏறி வெளிக்கதவுகள் எல்லாம் மூடப்பட்ட நொடியிலிருந்து, இறங்குவதற்காக ஒரு கதவு திறக்கப்படும் நொடிவரை விமானம் பறப்பில் இருப்பதாகவே பொருள். சக்கரம் தரையைத் தொட்டதா என்பது கேள்வியே இல்லை. எனவே இந்த வாதத்தைக் குழுவின் முன் வைக்காதீர்கள். வைத்தால், நடந்ததன் தீவிரம் உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

தரையில் இருக்கும் விமானத்தில் என்ன ஆபத்து என்று கேட்கிறீர்கள். 2024 ஜனவரி 2ஆம் தேதி டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தின் மீது மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். அறிவிப்பு ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதால், பணியாளர்கள் கையில் ஒலிபெருக்கியோடும் வெறும் குரலோடும் வழிகாட்டினார்கள். பயணிகள் பைகளை விட்டுவிட்டு அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டார்கள். வெளியேறியதும் விமானம் முழுவதும் எரிந்துபோனது. பயணிகள் விமானத்துக்கு அனுமதி கொடுக்கும் முன், பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி 90 வினாடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று நிரூபித்தாக வேண்டும். அந்த 90 வினாடிக் கணக்கு, பணியாளர் சொல்வதைப் பயணிகள் கேட்பார்கள் என்ற எதிர்பார்ப்பின் மேல்தான் நிற்கிறது. 'பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவன் நான், அவர்கள் ஊழியர்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். காப்பி கொண்டுவரும்போது அவர்கள் ஊழியர்கள். உட்காரச் சொல்லும்போது அவர்கள் விமானியின் அதிகாரத்தோடு பேசுகிறார்கள்.

தடை எத்தனை நாள், எங்கெல்லாம்?

2017 மார்ச்சில் மக்களவை உறுப்பினர் ஒருவர் விமான நிறுவன ஊழியரைத் தாக்கிய விவகாரம் பெரிதானது. அதைத் தொடர்ந்து அந்த ஆண்டு செப்டம்பரில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ வெளியிட்ட நெறிமுறையைத்தான் உங்கள் மின்னஞ்சல் குறிப்பிடுகிறது. அது முறைகேடுகளை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. சைகை, திட்டு, குடிபோதை ரகளை முதல் நிலை. மூன்று மாதம்வரை தடை. தள்ளுவது, அடிப்பது, உதைப்பது, தகாத முறையில் தொடுவது இரண்டாம் நிலை, ஆறு மாதம்வரை. உயிருக்கு ஆபத்தான தாக்குதல், விமானத்தின் கருவிகளைச் சேதப்படுத்துவது, விமானி அறைக்குள் நுழைய முயல்வது மூன்றாம் நிலை. குறைந்தது இரண்டு ஆண்டு, மேல் வரம்பு இல்லை. மீண்டும் தவறு செய்தால் முந்தைய தடையைப் போல இருமடங்கு.

நீங்கள் திட்டியது முதல் நிலை. கையைத் தட்டிவிட்டது உங்களை இரண்டாம் நிலைக்கு இழுக்கும். உங்கள் வழக்கின் மையம் இந்த ஒரு செயல்தான். அப்பாவின் தோளிலிருந்து கையை விலக்கும் பதற்றமா, அல்லது அந்தப் பெண்ணைத் தாக்கும் எண்ணமா என்பதைக் குழு எடைபோடும். நடந்ததை நடந்தபடி சொன்னால் முதல் நிலையில் நிற்க உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. அதை மறைத்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. வேறொரு விமான நிறுவனத்தின் பிரதிநிதியும், பயணிகள் அல்லது நுகர்வோர் அமைப்பின் பிரதிநிதியும் உறுப்பினர்கள். முப்பது நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தடை தானாகவே நீங்கிவிடும். விமான நிறுவனம் சொல்வதையெல்லாம் குழு ஏற்றுக்கொள்ளும் என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள். 2020 ஜனவரியில் நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா, விமானத்தில் ஒரு பத்திரிகையாளரிடம் கூச்சலிட்டதாக அவருக்கு விமான நிறுவனம் ஆறு மாதத் தடை விதித்தது. குழு அதை மூன்று மாதமாகக் குறைத்தது. உங்களுக்குப் பாதகமாக முடிவு வந்தால், விமானப் போக்குவரத்து அமைச்சகம் அமைக்கும் மேல்முறையீட்டுக் குழுவை அறுபது நாளுக்குள் அணுகலாம். அதற்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைவர். அதற்கு மேல் உயர் நீதிமன்றம்.

ஒரு நிறுவனம் விதித்த தடை மற்ற நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியலைப் பார்த்து அவர்களும் மறுக்க உரிமை உண்டு. காம்ரா விஷயத்தில் வேறு சில நிறுவனங்களும் மறுத்தன. ஆகவே அடுத்த டெல்லிப் பயணத்துக்கு வேறு நிறுவனத்தில் டிக்கெட் எடுக்கலாம். பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டாக எடுங்கள்.

காவல் நிலையத்துக் காகிதங்கள்

மன்னிப்புக் கடிதத்தோடு எல்லாம் முடிந்தது என்று காவல் நிலையத்தில் யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். முடியவில்லை. பயணத் தடை ஒரு பாதை. குற்ற வழக்கு இன்னொரு பாதை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் காத்திருப்பதில்லை. விமான நிறுவனங்களாலும் இப்போது சமரசம் பேசி விட்டுவிட முடியாது. 2022 நவம்பரில் நியூயார்க்–டெல்லி விமானத்தில் போதையில் இருந்த ஒருவர் மூத்த பெண் பயணி மீது சிறுநீர் கழித்ததாக எழுந்த புகாரில், விஷயத்தை உரிய முறையில் கையாளவில்லை என்று 2023 ஜனவரியில் டிஜிசிஏ அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, விமானியின் உரிமத்தையும் மூன்று மாதம் நிறுத்திவைத்தது. அதன் பிறகு எந்த விமானி துணிந்து விட்டுவிடுவார்?

உங்களுக்குக் கொடுத்த நோட்டீஸ், விவரிப்பைப் பார்த்தால், குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின் கீழ் ஆஜராகச் சொல்வது. குறித்த நாளில் போய் ஒத்துழைத்தால் பொதுவாகக் கைது தேவைப்படாது. போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகும். அலுவலக வேலை என்று தள்ளிப்போடாதீர்கள்.

எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கிறதா, எந்தப் பிரிவுகள் என்று உடனே பாருங்கள். நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதைப் பெற உரிமை உண்டு. முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு பிரிவுகள். பெண்ணின் கண்ணியத்தைச் சொல்லாலோ சைகையாலோ இழிவுபடுத்துவது பி.என்.எஸ். 79, ஜாமீனில் விடக்கூடியது. பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் நோக்கோடு பலத்தைப் பிரயோகிப்பது 74. ஜாமீனில் விட முடியாதது, ஓராண்டு முதல் ஐந்தாண்டுவரை சிறை. உங்கள் செயலில் அந்த நோக்கம் இல்லை என்று வாதிட இடம் இருக்கிறது. ஆனால் 74 சேர்க்கப்பட்டிருந்தால் அடுத்த முறை காவல் நிலையத்துக்குப் போகும் முன் முன்ஜாமீன் மனு போட வேண்டும்.

கன்னடத்தில் இருந்த தாளில் படிக்காமல் கையெழுத்திட்டதை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்கு ஆதாரமாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாது. சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. ஆனால் விமான நிறுவனத்துக்கு நீங்களே எழுதிய கடிதத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதன் நகல் உங்களிடம் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இனி நீங்கள் சொல்லும் எதுவும் அந்தக் கடிதத்துக்கு முரணாக இருக்கக் கூடாது.

பாஸ்போர்ட்டும் வேலையும்

எஃப்.ஐ.ஆர். பதிவானாலே பாஸ்போர்ட் பறிபோகும் என்பது தவறான எண்ணம். குற்றப்பத்திரிகை தாக்கலாகி நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்த பிறகுதான் வழக்கு நிலுவையில் இருப்பதாகப் பாஸ்போர்ட் சட்டம் கருதுகிறது. அப்போதும் நீதிமன்ற அனுமதியோடு புதுப்பிக்க வழி உண்டு. விண்ணப்பத்தில் வழக்கு இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அலுவலகத்தில் சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து. பயணத் தடை இருக்கும்போது ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பொய்க் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். மூன்றாவது பொய்யில் பிடிபடுவீர்கள். பயணத் தடை ஏற்பட்டிருக்கிறது, சட்டப்படி அணுகிவருகிறேன் என்ற அளவில் மேலாளரிடம் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

வீடியோவும் எதிர்ப் புகாரும்

வீடியோவை வெளியிடாதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். விமானத்துக்குள் படம் எடுப்பதே குற்றம் அல்ல. பணியாளர் தடுத்த பிறகும், பணிக்கு இடையூறாகவும் எடுப்பதுதான் தவறு. அந்தப் பெண்ணின் முகத்தை ஊருக்குக் காட்டினால் புதிய புகாருக்கு வழி திறப்பீர்கள். அழித்தால் சாட்சியத்தை மறைத்ததாகும். அந்த வீடியோவில் அப்பாவைத் தொட்ட காட்சி இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். நீங்கள் கத்துவது மட்டும் கேட்கிறது. அதை உங்கள் வழக்கறிஞரிடம் அந்தச் செல்பேசியோடு அப்படியே கொடுங்கள்.

எதிர்ப் புகார் கொடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. தோளை அழுத்தி உட்காரவைத்தது தாக்குதல் ஆகாது. அதே சமயம், உங்கள் கடிதத்தில் நியாயமான ஒரு குறை இருக்கிறது. மதுரையிலிருந்து கிளம்பும் விமானத்தில் தமிழில் ஒரு வரி சொல்ல யாரும் இல்லை. ஊரிலிருந்து முதல் முறை ஏறும் பெரியவர்கள் இன்று ஏராளம். 'சக்கரம் நிற்கும்வரை எழாதீர்கள்' என்று அவர்கள் மொழியில் சொல்வது பாதுகாப்புக்கே தேவை. இதை விமான நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் பதியுங்கள். குழுவின் விசாரணை முடிந்த பிறகு, தனியாக, அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் எழுதுங்கள். இப்போதே எழுதினால் தப்பிக்கப் பார்ப்பதாகத் தோன்றும். நல்ல கோரிக்கையும் கெட்டுப்போகும்.

அந்தப் பெண்ணிடம் நேரில் மன்னிப்புக் கேட்க விரும்புவதாகவும், சமூக ஊடகத்தில் அவரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தொடர்புகொள்ளாதீர்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் புகார்தாரரைத் தேடிச் செல்வது மிரட்டலாகவே பார்க்கப்படும். அவருக்கும் அச்சம் தரும். குழுவுக்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே, அவர் செய்தது சரி, நான் செய்தது தவறு என்று தெளிவாக எழுதுங்கள். 'யார் மனதாவது புண்பட்டிருந்தால்' என்ற மழுப்பல் வேண்டாம். பின்னாளில் அவர் மனமுவந்து சம்மதித்தால், வழக்கை ரத்து செய்யக் கோரிக் கர்நாடக உயர் நீதிமன்றத்தை அணுகும் வழி ஒன்று இருக்கிறது. அந்தப் பேச்சும் வழக்கறிஞர் மூலமாகவே நடக்க வேண்டும்.

இனி அப்பா. அந்த நாளுக்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை, கேட்டால் மட்டும் பதில் சொல்கிறார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு வழக்குக்குத் திரும்பிவிட்டீர்கள். அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பெல்ட் விளக்கு அணையும்வரை எழக் கூடாது என்பதை ஏறும்போதே நீங்கள் சொல்லியிருக்க வேண்டும், அவர் மீது எந்தப் புகாரும் இல்லை, கையெழுத்துப் போட வேண்டிய எதுவும் அவருக்கு இல்லை என்று விளக்குங்கள். மைத்துனரின் யோசனையை அவர் எதிரிலேயே மறுத்துவிடுங்கள். அறுவை சிகிச்சை முடிந்து ஊர் திரும்புவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தடை உங்களுக்கு மட்டும்தான். அவர் தாராளமாக விமானத்தில் போகலாம். முன்பதிவு செய்யும்போதே உதவி தேவைப்படும் பயணி என்று பதிந்துவிட்டால், வாசலிலிருந்து இருக்கைவரை அழைத்துப்போக ஆள் வருவார். மதுரைக்குப் பெங்களூரு கன்டோன்மென்டிலிருந்து வந்தே பாரத் ரயிலும் ஓடுகிறது. எது வேண்டும் என்று அவரே சொல்லட்டும்.

இந்த வாரத்துக்குள் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். குற்ற வழக்கு நடத்துபவராகவும், கன்னடம் படிக்கத் தெரிந்தவராகவும் இருக்கட்டும். நோட்டீஸ், மின்னஞ்சல், போர்டிங் பாஸ், மன்னிப்புக் கடிதத்தின் நகல் ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். குழுவுக்கு அனுப்ப வேண்டிய விளக்கத்தின் கடைசித் தேதி மின்னஞ்சலின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அதைத் தவறவிட வேண்டாம்.